இளம் பிக் மேனின் பலமும் பலவீனமும்: வாதிடும் முன் எதைப் பார்ப்பது, எதை எண்ணுவது

கூடைப்பந்தில் கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்தான் பிக் மேன். அவனுடைய குறைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. போஸ்டில் (கூடைக்கு முதுகு காட்டி ஆடும் இடம்) இடது கையால் ஹூக் (தலைக்கு மேலே ஒரு கையால் வளைத்துப் போடும் ஷாட்) போடத் தெரியாததும் குறைதான், பிக் அண்ட் ரோலில் பின்வாங்கத் தெரியாததும் குறைதான். பிக் அண்ட் ரோல் என்றால், பந்து வைத்திருப்பவரைக் காக்கும் ஆளை ஒருவர் உடம்பால் மறித்து (அதுதான் ஸ்கிரீன்), பிறகு கூடையை நோக்கி ஓடுவது. முதல் குறையை அணி மறைத்துக்கொள்ளலாம், போஸ்டில் அவனுக்குப் பந்து கொடுக்காமல் விட்டால் போதும். இரண்டாவதை மறைக்க வழியில்லை. எதிரணி கோச் அவன் யாரைக் காக்கிறானோ அந்த ஆளையே திரும்பத் திரும்ப ஸ்கிரீன் போட அனுப்புவார். நான்காவது குவார்ட்டர் வருவதற்குள் பையன் பெஞ்சில் இருப்பான்.

அதனால் யார் எந்தக் குறையைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எதிரணி நினைத்தால் இதைத் தேடி வந்து அடிக்க முடியுமா? பயிற்சியில் இது மாறுமா? "அடிக்க முடியும், மாறாது" என்று பதில் வந்தால் அதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடலாம். மற்றவை எல்லாம் கோச்சின் வீட்டுப்பாடம்.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடிய பிக் மேன் ஷாகில் ஓ'நீலின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றிப் போடக் கிடைக்கும் ஷாட்) விகிதம் 52.7 சதவீதம். எதிரணிகள் அந்தக் குறையைத் தேடி வந்து அடித்தன, வேண்டுமென்றே ஃபவுல் செய்து அவரைக் கோட்டுக்கு அனுப்பின. ஆனாலும் அவரை உட்கார வைக்கும் அளவுக்கு அது வளரவில்லை, 4 சாம்பியன்ஷிப் வென்றார். நிகோலா யோகிச் 2014 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 41-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். உயரக் குதிக்க மாட்டார், வேகமாக ஓட மாட்டார் என்று சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவருடைய பலம் பார்வையிலும் கையிலும் இருந்தது, அதற்குக் குதிக்க வேண்டிய தேவையே இல்லை. 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்), 2023-ல் சாம்பியன். குறைகளைச் சரியாகப் பட்டியல் போட்டவர்களும் ஆளைத் தவறாகக் கணித்தார்கள்.

அளவு, உடம்பு, வயது

உயரத்தைக் காலணி இல்லாமல் கேளுங்கள். என்பிஏவே 2019-ல்தான் காலணி இல்லாத உயரத்தைக் கொடுக்கும்படி அணிகளைக் கட்டாயப்படுத்தியது. அதற்கு முந்தைய பட்டியல்களில் ஓரிரு அங்குலம் கூடுதலாக இருப்பது சாதாரணம். ஆனால் பிக் மேனுக்கு உயரத்தைவிட முக்கியமான அளவு வேறு: தரையில் நின்றபடி ஒரு கையை நேராக உயர்த்தினால் விரல் நுனி எட்டும் உயரம். ஒரே உயரமுள்ள இருவரில் கழுத்து நீண்டு தோள் தாழ்ந்தவன் குறைவாகவும், தோள் உயர்ந்து கை நீண்டவன் அதிகமாகவும் எட்டுவான். பந்தைத் தடுப்பது தலை அல்ல, கை. ரூடி கோபேர் 2013 டிராஃப்டுக்கு முந்தைய அளவெடுப்பில் 9 அடி 7 அங்குலம் எட்டினார், வளையமே 10 அடியில்தான் இருக்கிறது. அவரும் 27-வது ஆளாகத்தான் போனார். பிறகு சிறந்த தற்காப்பு வீரர் விருதை 4 முறை வென்றார்.

எடை பற்றிய வாதம் பெரும்பாலும் வீண். "இன்னும் பத்து கிலோ ஏற வேண்டும்" என்று எந்த 19 வயதுப் பையனைப் பற்றியும் சொல்லலாம். பார்க்க வேண்டியது இடுப்புக்குக் கீழே. எதிரி முதுகால் தள்ளும்போது அவன் நின்ற இடத்திலேயே தாங்குகிறானா, நிமிர்ந்துபோய் ஓர் அடி பின்னால் நகர்கிறானா? நிமிர்கிறான் என்றால் அது எடைக் குறை அல்ல. முழங்காலை மடக்கி நிற்கும் பழக்கம் இல்லை, அல்லது தொடையில் பலம் இல்லை. அவசரப்பட்டு எடை ஏற்றினால் அந்தச் சுமையெல்லாம் பாதத்திலும் முழங்காலிலும்தான் இறங்கும்.

காயத்தின் வரலாற்றைத் திறமைக்கு முன்பாகவே கேட்டுவிடுங்கள். கிரெக் ஓடன் 2007-ல் கெவின் டுராண்டுக்கு முன்னால் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். முழங்கால்கள் ஒத்துழைக்காமல் என்பிஏவில் மொத்தம் 105 ஆட்டங்களோடு நின்றுபோனார். ஜோயல் எம்பீட் பாதக் காயத்தால் முதல் இரண்டு சீசன்களையும் முழுதாக இழந்து, பிறகு எம்விபி ஆனார். செட் ஹோம்கிரென் வலது பாதக் காயத்தால் 2022-23 முழுவதும் வெளியே இருந்து, அடுத்த சீசனில் 82 ஆட்டங்களும் ஆடினார். "காயப்பட்டவன்" என்ற ஒற்றைச் சொல்லால் எதுவும் தெரியாது. எந்த எலும்பு, எந்தக் குருத்தெலும்பு, திரும்பவும் அதே இடமா என்பதுதான் தகவல்.

வயதையும் ஆண்டுக் கணக்கில் நிறுத்தாமல் மாதக் கணக்கில் பாருங்கள். 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையன் எல்லோரையும் தள்ளிவிட்டு ரீபவுண்ட் (கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்து) எடுப்பான். மற்றவர்கள் வளர்ந்ததும் அது போய்விடும். நேர்மாறாக, ஒரே ஆண்டில் கடகடவென்று வளர்ந்தவன் கொஞ்ச காலம் கால் தடுமாறுவான். அவனைப் பார்த்து "ஒருங்கிணைப்பே இல்லை" என்று முடிவு கட்டுவது அவசரம்.

எந்த ஆட்டங்களைப் பார்ப்பது

ஹைலைட் வீடியோவை ஒதுக்கிவிடுங்கள், அதில் எல்லா பிக் மேனும் டங்க்தான் (பந்தை வளையத்துக்குள் நேரே திணிப்பது) அடிக்கிறான். நான்கு முழு ஆட்டம் எடுங்கள்: அவன் அணியைவிட வலுவான அணியோடு ஒன்று, அவன் அளவுக்கே பெரிய சென்டர் (அணியின் முதன்மை பிக் மேன்) எதிரே இருந்த ஒன்று, எதிரணி குட்டையான ஐவரை இறக்கிய ஒன்று, முதல் பாதியிலேயே அவன் ஃபவுல் சிக்கலில் மாட்டிய ஒன்று. வாதிடப்போகும் இருவரும் அதே நான்கைப் பார்த்திருக்க வேண்டும். இது இல்லாமல் தொடங்கும் சண்டை விடிய விடிய நடந்தாலும் எங்கேயும் போய்ச் சேராது.

ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் சுற்றில் பந்தை மறந்துவிட்டு அவனை மட்டும் பாருங்கள். இரண்டாவது சுற்றில் தற்காப்புப் பகுதியை மட்டும், அதுவும் அவன் பாதங்களை. ஒரு தாளில் நான்கு பத்தி போதும்: ஆட்ட நேரம், எதிரணி செய்தது, அவன் செய்தது, முடிவு ஏன் அப்படி வந்தது. கடைசிப் பத்தியை நிரப்பத் தெரியாத காட்சியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிக் அண்ட் ரோலில் பின்வாங்கும் கால்கள்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடலாம், தகும். பெரும்பாலான அணிகள் இளம் சென்டரை "டிராப்" முறையில்தான் நிறுத்துகின்றன. எதிரணி சென்டர் மூன்று புள்ளிக் கோட்டருகே ஸ்கிரீன் போடுகிறார், நம் ஆள் அதற்குச் சுமார் இரண்டு மீட்டர் கீழே, கூடைப் பக்கமாக நிற்கிறான். பந்து வைத்திருக்கும் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும், பெரும்பாலும் குட்டையான வீரர்) ஸ்கிரீனைத் தாண்டி வருகிறார். இப்போது அவன் ஒரே நேரத்தில் இருவரைச் சமாளிக்க வேண்டும்: எதிரே வரும் கார்டு, பின்னால் கூடையை நோக்கி உருளும் சென்டர்.

நன்றாகச் செய்பவனின் முழங்கால் ஸ்கிரீன் விழும் முன்பே மடங்கியிருக்கும். ஒரு கை மேலே பாஸ் போகும் பாதையில், ஒரு கை கீழே பந்தின் உயரத்தில். கார்டு ஓர் அடி வந்தால் இவன் ஓர் அடி பின்வாங்குவான், இடைவெளி மாறாது. கார்டு பந்தைக் கையில் எடுத்த பிறகுதான் முடிவெடுப்பான். குதித்தால் இரண்டு காலாலும் நேர் மேலே குதிப்பான்.

கோளாறு நடக்கும் இடங்கள் நான்கு. இவற்றைத் தனித்தனியாக எண்ணுங்கள்.

ஆழமாகப் போய்விடுவது: கூடைக்கடியிலேயே நிற்கிறான், கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று நிதானமாக ஷாட் போடுகிறார். பல நேரம் இது கோச்சின் கட்டளை. அதே அணியின் மாற்று சென்டரும் அதே இடத்தில் நின்றால் பையன் மேல் பழி போடாதீர்கள்.

அதிகம் மேலே ஏறிவிடுவது: கார்டைப் பார்த்து ஆசைப்பட்டு முன்னே வருகிறான், தலைக்கு மேலே உயரத் தூக்கிப் போட்ட லாப் பாஸ் போய் டங்க் விழுகிறது. இது படிக்கும் திறனின் குறை. ஆட்டங்கள் ஆட ஆடக் குறையும்.

இடுப்பைச் சீக்கிரம் திருப்பிவிடுவது: கார்டு வலப்புறம் வருவதாகக் காட்டியதும் இவன் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, கார்டு இடப்புறம் வெட்டிப் போய்விடுகிறார். காட்சியை நிறுத்தி, கார்டு திசை மாற்றிய கணத்துக்குப் பின் இவன் எடுத்து வைத்த முதல் அடியைப் பாருங்கள். நீளமாக ஓர் அடி வைத்து மீண்டும் முன்னால் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். இரண்டு மூன்று குட்டி அடி வைத்துத் தன்னைச் சரிசெய்த பிறகுதான் நகர முடிகிறது என்றால், கவலைப்பட வேண்டிய குறை இதுதான். கால்வேகம் 19 வயதுக்குப் பிறகு கொஞ்சம்தான் கூடும்.

நிமிர்ந்து நிற்பது: ஆட்டத் தொடக்கத்தில் முழங்கால் மடங்கி இருக்கிறது, தொடர்ந்து ஆறேழு நிமிடம் ஆடியதும் குதிகால் தரையில் ஒட்டிவிடுகிறது. இதைத்தான் பலர் "சோம்பேறி" என்கிறார்கள். அவன் களமிறங்கிய முதல் மூன்று நிமிடத்தையும் வெளியேறும் முன் மூன்று நிமிடத்தையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல மந்தமாக இருந்தால் சோம்பேறி என்று சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டாவது மட்டும் மந்தம் என்றால் மூச்சு போதவில்லை, அது ஒரு கோடைப் பயிற்சியில் தீரும் விஷயம்.

இருபது பிக் அண்ட் ரோல் சேரும் வரை எண்ணுங்கள். அதற்குக் குறைவான கணக்கில் ஒரே ஒரு நல்ல கார்டு மொத்தப் படத்தையும் கெடுத்துவிடுவார். அதோடு ஸ்கோர் ஷீட்டில் வராத ஒன்றையும் குறித்து வையுங்கள்: பெயிண்டுக்குள் (கூடைக்கடியில் வண்ணமிட்ட பகுதி) நுழைந்த கார்டு இவனைப் பார்த்துவிட்டு ஷாட் போடாமல் பந்தை வெளியே அனுப்பியது எத்தனை முறை? பிளாக் (ஷாட்டைக் கையால் தடுப்பது) எண்ணிக்கையைவிட இது அதிகம் சொல்லும். பிளாக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர்களில் சிலர் எல்லாவற்றுக்கும் குதிப்பவர்கள், அவர்கள் குதித்த இடத்தில் பின்னாலிருந்து ரீபவுண்ட் போய்விடும்.

எந்த விதியில் ஆடுகிறான் என்பதும் கணக்கில் வரும். என்பிஏவில் யாரையும் காக்காமல் பெயிண்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் தற்காப்பு வீரர் நிற்கக் கூடாது. சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் அந்தத் தடை இல்லை, கூடைக்கடியிலேயே குடியிருக்கலாம். வளையத்தில் பட்ட பந்தைத் தட்டிவிடவும் ஃபிபா அனுமதிக்கிறது, என்பிஏ வளையத்துக்கு மேலே இருக்கும் பந்தைத் தொட விடாது. ஃபிபா ஆட்டத்தில் அசைக்க முடியாதவனாகத் தெரியும் பையன் என்பிஏ விதியில் நகர்ந்தாக வேண்டும். அவனுடைய கால்கள் அதற்குத் தயாரா என்பதே கேள்வி.

ஃபவுலைப் பிரித்துப் பாருங்கள்

ஃபிபாவில் 40 நிமிடத்துக்கு 5 ஃபவுல், என்பிஏவில் 48 நிமிடத்துக்கு 6. இரண்டிலும் ஏறத்தாழ எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்பதே தாங்கும் அளவு. அதைத் தாண்டும் பையன் எவ்வளவு திறமைசாலியானாலும் முழு நேரம் ஆட மாட்டான்.

எத்தனை என்பதைவிட எந்த வகை என்பது முக்கியம். பொய்யாக ஷாட் காட்டியதை நம்பிக் குதிப்பது, நேரே உயர்த்திய கையைக் கடைசியில் கீழே இறக்கிவிடுவது, கார்டின் பந்தைத் தட்டப் பார்ப்பது, நகர்ந்துகொண்டே ஸ்கிரீன் போடுவது ஆகியவை பழக்கம், திருத்திவிடலாம். தாமதமாக வந்து மோதுவது படிக்கும் திறன், ஒன்றிரண்டு சீசன் பிடிக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து ஏறி ரீபவுண்டுக்குத் தள்ளுவது இடம் பிடிக்கத் தெரியாததன் விளைவு. பத்து ஃபவுலில் ஏழு முதல் வகை என்றால் நான் பயப்பட மாட்டேன்.

ரீபவுண்ட் கணக்கின் பொய்

"ஆட்டத்துக்குப் பத்து ரீபவுண்ட்" என்பது வாதத்தில் அடிக்கடி வீசப்படும் கல். அந்தப் பத்தில் யாரும் போட்டியிடாமல் கையில் வந்து விழுந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எதிரியைப் பின்னால் அடைத்து நிறுத்திவிட்டுத் தன் அணியின் கார்டு பந்தை எடுக்க வழிவிடுகிறவன் தாளில் சிறியவனாகத் தெரிவான். ஸ்டீவன் ஆடம்ஸ் 2017-18-ல் ஓக்லஹோமா சிட்டியில் தற்காப்பு ரீபவுண்டைவிடத் தாக்குதல் ரீபவுண்ட் அதிகம் எடுத்தார். அவர் அடைத்து நின்ற இடங்களில் அதே அணியின் கார்டு ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆகவே இவன் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை சதவீத ரீபவுண்ட் எடுக்கிறது, இல்லாதபோது எத்தனை என்று கேளுங்கள்.

தாக்குதல்: கை முதலில், போஸ்ட் கடைசியில்

ஸ்கிரீனிலிருந்து தொடங்குங்கள். கால் தோளகலத்தைவிடச் சற்று விரிந்திருக்கிறதா, மோதல் உண்மையில் நடக்கிறதா, அல்லது இடிபடும் முன்பே கூடைப் பக்கம் நழுவுகிறானா? நழுவுவது இளம் பிக் மேன்களின் தேசிய நோய். பாஸ் வரும் என்ற ஆசையில் ஸ்கிரீனை அரைகுறையாக விட்டுவிடுவார்கள், கார்டுக்கு இடமே கிடைக்காது.

அடுத்து கை. உருண்டு போகும்போது முழங்கால் உயரத்தில் வரும் பாஸை ஓடிக்கொண்டே பிடிக்கிறானா? பிடித்த பந்தை இடுப்புக்கு இறக்குகிறானா? இறக்கினால் அங்கே காத்திருக்கும் குட்டைக் கார்டு தட்டிவிடுவார். தாடைக்கு மேலேயே பந்தை வைத்திருப்பது பயிற்சியில் வரும். பந்து விரலில் பட்டுத் தெறிப்பது அவ்வளவு எளிதில் மாறாது. நான்கு ஆட்டத்தில் தவறவிட்ட பாஸ்களை, மோசமான பாஸ்களைக் கழித்துவிட்டு, எண்ணுங்கள்.

நம் கார்டை எதிரணி இருவராக மடக்கும்போது பந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே பிக் மேனுக்கு வரும். அந்த இடத்தில் நான்கு பேருக்கு மூன்று பேர். ஒரு விநாடிக்குள் முடிவெடுத்தால் மூலையில் நிற்பவருக்குத் தடையில்லாத ஷாட் கிடைக்கும். இரண்டு முறை பந்தைத் தரையில் தட்டி யோசித்தால் அந்த வாய்ப்பு மூடிவிடும். இந்த ஒரே சூழலில் அவன் செய்வதைப் பத்து முறை பார்த்தால் அவனுடைய ஆட்ட அறிவு துலங்கிவிடும்.

போஸ்ட் ஆட்டத்துக்கு இரண்டு வரி போதும். இரு தோள் பக்கமும் திரும்பத் தெரிகிறதா, இருவர் மடக்கும்போது பந்து எங்கே போகிறது? ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறவனை நல்ல அணி ஒரே குவார்ட்டரில் கண்டுபிடித்துவிடும்.

தூர ஷாட் வருமா என்ற சண்டைக்கு, இப்போதைய மூன்று புள்ளி விகிதத்தைவிட ஃப்ரீ த்ரோ விகிதம் நல்ல சாட்சி. யாரும் மறைக்காமல், எப்போதும் ஒரே தூரத்திலிருந்து போடுவது என்பதால் கையின் தரம் அதில்தான் தெரியும். சென்டர் புரூக் லோபெஸுக்கு முதல் எட்டு சீசன்களிலும் சேர்த்து 3 மூன்று புள்ளி ஷாட்தான் கூடையில் விழுந்திருந்தது. 2016-17-ல் மட்டும் 134 விழுந்தது. அதற்கு முன்பும் அவர் ஃப்ரீ த்ரோவில் நல்லவர்தான். 50 சதவீத ஃப்ரீ த்ரோக்காரன் பயிற்சியில் மூலையிலிருந்து நாலு ஷாட் போட்ட வீடியோ வந்தால் அமைதியாக இருங்கள்.

எண்ணைப் படிக்கும்போது

வெறும் ஷாட் விகிதம் பிக் மேனுக்கு ஏமாற்று. டங்க் மட்டும் அடிப்பவன் 65 சதவீதம் காட்டுவான். ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு உண்டு: ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44-ஆல் பெருக்கி ஷாட் முயற்சியோடு கூட்டி, இரண்டால் பெருக்கி, வரும் எண்ணால் மொத்தப் புள்ளியை வகுக்க வேண்டும். கற்பனைக்கு ஒரு பையன்: 10 ஆட்டத்தில் 80 ஷாட் முயற்சி, 49 விழுந்தது, எல்லாம் இரண்டு புள்ளி. 40 ஃப்ரீ த்ரோவில் 22. மொத்தம் 120 புள்ளி. 40-ஐ 0.44-ஆல் பெருக்கினால் 17.6, அதோடு 80 சேர்த்தால் 97.6, இருமடங்கு 195.2. 120-ஐ இதனால் வகுத்தால் 61.5 சதவீதம். ஃப்ரீ த்ரோ மோசமாக இருந்தும் நல்ல எண்தான்.

ஆனால் 40 ஃப்ரீ த்ரோவில் 55 சதவீதம் என்பதை நம்பி அவன் எதிர்காலத்தை எழுதாதீர்கள். அத்தனை சிறிய கணக்கில் அவனுடைய உண்மையான திறன் 40-லும் இருக்கலாம், 70-லும் இருக்கலாம். 200 முயற்சி சேரட்டும்.

வாதத்தை நடத்துவது

"மென்மையான ஆள்", "சாம்பியன் குணம்" போன்ற சொற்களை முதலிலேயே தடை செய்துவிடுங்கள். ஒவ்வொரு கூற்றிலும் மூன்று விவரம் இருக்க வேண்டும்: யாருக்கு எதிராக, எந்தத் தற்காப்பு முறையில், என்ன நடந்தது. "டிராப்பில் வேகமான கார்டு இடப்புறம் வெட்டினால் தோற்கிறான், பதினொன்றில் ஏழு முறை" என்பது வாதம். "தற்காப்பு சுமார்" என்பது வெறும் மனநிலை.

பெரிய பெயரோடு ஒப்பிடத் தோன்றும். ஆளோடு ஆளை ஒப்பிட வேண்டாம், ஒரு திறமையை மட்டும் ஒப்பிடுங்கள். பாஸ் கொடுக்கிற ஒவ்வொரு வெள்ளைக்கார சென்டரும் யோகிச் ஆகிவிட மாட்டார், ஒல்லியாக உயர்ந்த ஒவ்வொருவனும் விக்டர் வெம்பன்யாமா ஆகிவிட மாட்டான்.

எதிர்த் தரப்பு சொல்லும் மிக நல்ல கருத்தை நீங்களே ஒருமுறை உங்கள் வாயால் சொல்லிக் காட்டுங்கள். சரியாகச் சொன்னீர்கள் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு பதில் சொல்லுங்கள். கருத்து வேறுபாடு என்று நினைத்ததில் பாதி, இருவரும் வேறு வேறு வயதைக் கற்பனை செய்து பேசியதால் வந்தது என்று தெரியவரும்: ஒருவர் அடுத்த சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் அவனுடைய 25-வது வயதைப் பற்றி.

கடைசியில் இருவரும் தனித்தனியாக நான்கு வரி எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல அணியில் அவன் எத்தனை நிமிடம் ஆடுவான். அவனோடு எப்படிப்பட்ட இன்னொரு பிக் மேன் அல்லது கார்டு இருக்க வேண்டும். இறுதி ஐந்து நிமிடத்தில் அவன் களத்தில் இருப்பானா. எந்த ஒரு விஷயம் மாறினால் உங்கள் கருத்து மாறும். தேதி போட்டு வையுங்கள். அடுத்த சீசனின் முதல் பத்து ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்து, புள்ளிக் கணக்கைத் தொடாமல், எட்டு நிமிடத்துக்கு எத்தனை ஃபவுல் என்பதையும் கார்டு திசை மாற்றியதும் அவன் வைக்கும் முதல் அடியையும் மட்டும் மறுபடி பாருங்கள்.